ஸ்கிரீன் ரீடரில் அட்டவணை தடுமாறுகிறதா? காதில் விழுவதை வைத்துப் பிழையைப் பிடிக்கலாம்

ஒரு பிளஸ் டூ மதிப்பெண் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் பாடங்கள். மேலே எழுத்துத் தேர்வு, செய்முறை, அகமதிப்பீடு, மொத்தம் என்று நான்கு தலைப்புகள். இயற்பியலுக்கு நேரே 61, 18, 10, 89 என்று இருக்கிறது. கண் தெரிகிறவர் அந்த 18-ஐப் பார்த்ததும் பார்வை தானாக மேலே போய்ச் ‘செய்முறை’யையும், இடப்பக்கம் போய் ‘இயற்பியலை’யும் தொட்டுவிட்டு வந்துவிடும். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடரில் கேட்கிறவருக்கு அந்த இரண்டு தகவலையும் பக்கத்தின் குறிநிரல்தான் (எச்டிஎம்எல்) எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவர் கேட்பது வெறும் எண்கள். தன்னுடைய மதிப்பெண்ணைத் தெரிந்துகொள்ள ஒரு மாணவி பக்கத்திலிருப்பவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்றால், அது அவருடைய குறை அல்ல, அட்டவணையின் குறை.

இந்தக் குறைகள் ஒன்றும் கணக்கில் அடங்காதவை அல்ல. ஒவ்வொன்றும் காதில் வேறு வேறு மாதிரி வெளிப்படும். எப்படி ஒலிக்கிறது என்று கேட்டாலே எங்கே கைவைக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அதனால் கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் அட்டவணை என்ன சொல்கிறதோ அந்த இடத்துக்குப் போங்கள்.

கேட்பதற்கான ஏற்பாடு

விண்டோஸ் கணினி என்றால் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் போதும். இலவச மென்பொருள், நிறுவச் சில நிமிடங்கள்தான் ஆகும். குரோமிலோ ஃபயர்பாக்ஸிலோ பக்கத்தைத் திறந்து, டேபிள் என்பதன் முதல் எழுத்தான ‘டி’ விசையை அழுத்துங்கள். அடுத்த அட்டவணைக்குத் தாவும். உள்ளே வந்ததும் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்தபடி அம்பு விசைகளை அழுத்தினால் கலம் கலமாக, அதாவது ஒவ்வொரு கட்டமாக நகரலாம். ஜாஸ், நரேட்டர் என்ற மற்ற ஸ்கிரீன் ரீடர்களிலும் அட்டவணைக்குள் நகர இதே விசைகள்தான். மேக்கில் வாய்ஸ்ஓவர் என்றால் கன்ட்ரோல், ஆப்ஷன் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்பு விசைகள்.

பேச்சு வேகமாகப் போய்ப் புரியவில்லை என்றால் என்விடிஏ மெனுவில் டூல்ஸ் பகுதியில் ஸ்பீச் வியூவர் இருக்கிறது. பேசுவதெல்லாம் எழுத்தாகவும் வரும். ஆனால் முதல் தடவை திரையைப் பார்க்காமல் கேளுங்கள். கண் அட்டவணையின் மேல் இருந்தால், காது தவறவிட்டதை மனம் தானாக நிரப்பிவிடும். பிழை இருப்பதே தெரியாமல் போகும்.

இன்னொன்று. தலைப்புகளைச் சொல்லவில்லை என்றால் குறிநிரலில் கைவைக்கும் முன் என்விடிஏவின் செட்டிங்ஸில் டாக்குமென்ட் ஃபார்மேட்டிங் பகுதியைப் பாருங்கள். அட்டவணை, வரிசை மற்றும் நெடுவரிசைத் தலைப்புகள், கலத்தின் இருப்பிடம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டுமா என்பதற்குத் தனித்தனித் தேர்வுகள் உண்டு. வேறு யாராவது பயன்படுத்திய கணினி என்றால் அவர் அதை அணைத்து வைத்திருக்கலாம்.

அறிகுறி: ‘டி’ விசையை அழுத்தினால் அட்டவணையே இல்லை என்கிறது

திரையில் அழகான கட்டங்கள் தெரிகின்றன, ஆனால் ஸ்கிரீன் ரீடர் அங்கே நிற்காமல் போய்விடுகிறது. பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து அக்ஸெஸிபிலிட்டி பகுதியில் அந்த இடத்தைப் பாருங்கள். ‘ஜெனரிக்’ என்று இருக்கிறதா, ‘லேஅவுட் டேபிள்’ என்று இருக்கிறதா என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

‘ஜெனரிக்’ என்றால் அது அநேகமாக டிவ் டேக்குகளை அடுக்கிச் செய்த கட்டம். முறையான டேபிள் டேக்குக்கு மாற்றுவதுதான் சரியான தீர்வு. பழைய மென்பொருள், மாற்றவே வழியில்லை என்ற நிலையில் மட்டும், எது என்ன வகைப் பொருள் என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்லும் ஏரியா (ARIA) ரோல்களைப் போடலாம். வெளியே டேபிள், உள்ளே ரோ, அதற்குள் காலம்ஹெடர், ரோஹெடர், செல். இந்தப் படிநிலையில் ஒரு அடுக்கு விட்டுப்போனாலும், அல்லது இடையில் தேவையில்லாத ஒரு பொருள் புகுந்தாலும் மொத்தமும் குலையும். அந்த உழைப்புக்கு டேபிள் டேக்கையே எழுதிவிடலாம் என்பது என் கருத்து.

‘லேஅவுட் டேபிள்’ என்றால் பிரவுசர் உங்கள் அட்டவணையைப் பக்க அமைப்புக்காகப் போட்ட கட்டம் என்று நினைத்துவிட்டது. தலைப்புக் கலங்களும் கேப்ஷனும் (அட்டவணையின் பெயர்) இல்லாத, கோடுகளும் இல்லாத சிறிய அட்டவணைக்கு இப்படி ஆவதுண்டு. என்விடிஏ இப்படிப்பட்ட கட்டங்களை இயல்பாகவே சொல்லாமல் விட்டுவிடும். தலைப்புக் கலங்களையும் கேப்ஷனையும் சேர்த்தாலே பிரவுசர் மனம் மாறிவிடும். டேபிள் டேக்கில் யாராவது பிரசன்டேஷன் அல்லது நன் என்ற ரோலைப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மின்னஞ்சல் வார்ப்புருக்களிலிருந்து நகலெடுத்த குறிநிரலில் இது ஒட்டிக்கொண்டு வரும். எடுத்துவிடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் அது படமாக இருக்கும். அட்டவணையைப் படம் பிடித்துப் போட்டிருந்தால் மாற்று உரை எழுதிச் சமாளிக்க முடியாது. மாற்று உரைக்குள் வரிசையும் நெடுவரிசையும் கிடையாது. உட்கார்ந்து தட்டச்சு செய்வது ஒன்றே வழி.

அறிகுறி: அட்டவணை இருக்கிறது, ஆனால் வெறும் எண்களாகக் கொட்டுகிறது

அதிகம் காணப்படும் பிழை இதுதான். மதிப்பெண் அட்டவணையில் இயற்பியல் வரிசையில் வலப்பக்கம் நகர்ந்தால் இப்படிக் கேட்கும்:

“நெடுவரிசை 2, 61. நெடுவரிசை 3, 18. நெடுவரிசை 4, 10.”

சரியாகச் செய்த அட்டவணையில் கேட்க வேண்டியது:

“எழுத்துத் தேர்வு, நெடுவரிசை 2, 61. செய்முறை, நெடுவரிசை 3, 18. அகமதிப்பீடு, நெடுவரிசை 4, 10.”

அங்கிருந்து ஒரு வரிசை கீழே இறங்கினால் “வேதியியல், வரிசை 4, 10” என்று வர வேண்டும். பக்கவாட்டில் போகும்போது மேல்தலைப்பு மாறுகிறது, அதைச் சொல்கிறது. கீழே போகும்போது பக்கத் தலைப்பு மாறுகிறது, அதைச் சொல்கிறது. எது மாறியதோ அதை மட்டும் சொல்வதால் கேட்கிறவருக்கு நேரமும் மிச்சம்.

காரணம் எளியது. தலைப்புக் கலங்களுக்கு டிஹெச் டேக் போடாமல், டிடி டேக்கையே போட்டு எழுத்தைத் தடிமனாக்கி, பின்னணியில் வண்ணம் பூசியிருப்பார்கள். பார்ப்பதற்குத் தலைப்பு, குறிநிரலில் சாதாரணக் கலம். முதல் வரிசையில் உள்ளவற்றை டிஹெச் ஆக்கி, ஸ்கோப் என்ற பண்பில் ‘கால்’ என்று போடுங்கள். அப்புறம் பலரும் நின்றுவிடும் இடத்தைத் தாண்டிப் போங்கள்: ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் உள்ள பாடப்பெயரும் தலைப்புதான். அதையும் டிஹெச் ஆக்கி ஸ்கோப்பில் ‘ரோ’ என்று போடுங்கள். மேல்தலைப்பு மட்டும் இருந்து பக்கத் தலைப்பு இல்லாத அட்டவணையில், செய்முறை நெடுவரிசையில் கீழே இறங்கிக்கொண்டே வருகிறவருக்கு “18, 19, 17” என்று கேட்கும். எது எந்தப் பாடத்துக்கு என்பதற்கு ஒவ்வொரு தடவையும் இடப்பக்கக் கடைசிவரை போய்த் திரும்ப வேண்டும்.

எந்த நெடுவரிசையைப் பக்கத் தலைப்பாக்குவது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். வகுப்பு முழுமைக்குமான பட்டியலில் முதல் நெடுவரிசை வரிசை எண், இரண்டாவது பதிவு எண், மூன்றாவது பெயர் என்று இருக்கும். வரிசை எண்ணைத் தலைப்பாக்கினால் “27, 61” என்று கேட்டு யாருக்கும் பயனில்லை. ஆசிரியர் எதை வைத்து மாணவரை அடையாளம் காண்கிறாரோ, அந்தப் பெயர்க் கலத்தைத் தலைப்பாக்குங்கள். பக்கத் தலைப்பு முதல் நெடுவரிசையில்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

தலைப்பு வாசகம் சுருக்கமாக இருக்கட்டும். “அகமதிப்பீட்டு மதிப்பெண்கள் (அதிகபட்சம் 10, வருகைப்பதிவு உட்பட)” என்று தலைப்பில் எழுதினால், நெடுவரிசை மாறும்போதெல்லாம் அத்தனையும் காதில் விழும். விளக்கத்தை அட்டவணைக்கு மேலே ஒரு பத்தியாக எழுதிவிட்டுத் தலைப்பில் “அகமதிப்பீடு” என்று மட்டும் விடுங்கள்.

வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி-யில் இது 1.3.1 என்ற அளவுகோலின் கீழ் வருகிறது. மிக அடிப்படையான ‘ஏ’ நிலை அது. 2008-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ‘முடிந்தால் செய்யலாம்’ என்ற வகையில் சேர்ந்தது அல்ல.

அறிகுறி: தலைப்பைச் சொல்கிறது, ஆனால் தவறான தலைப்பு

வெறும் எண்ணைக் கேட்டால் ஏதோ குறை என்று கேட்கிறவருக்குத் தெரியும். வேதியியல் மதிப்பெண்ணை இயற்பியல் என்று சொன்னால் அவர் நம்பிவிடுவார். அதனால் எல்லாவற்றையும்விட இதுதான் ஆபத்தானது.

முதல் சந்தேகம், அட்டவணையின் பெயரை அட்டவணைக்குள்ளேயே எழுதியிருப்பது. எல்லா நெடுவரிசைகளையும் இணைத்து முதல் வரிசையில் “அரையாண்டுத் தேர்வு முடிவுகள்” என்று டிஹெச் போட்டிருந்தால், அது எல்லா நெடுவரிசைக்கும் தலைப்பாகிவிடும். எங்கே போனாலும் “அரையாண்டுத் தேர்வு முடிவுகள்” என்பதும் சேர்ந்தே ஒலிக்கும். அந்த வரிசையை நீக்கி, வாசகத்தைக் கேப்ஷன் டேக்கில் வையுங்கள். டேபிள் டேக் திறந்ததும் முதலாவதாக வர வேண்டியது கேப்ஷன். ஒரே பக்கத்தில் நான்கு அட்டவணைகள் இருந்தால், ‘டி’ விசையில் தாவி வருகிறவருக்கு எது எந்த அட்டவணை என்று சொல்வதும் இந்தக் கேப்ஷன்தான். பழைய சம்மரி பண்பை நம்பாதீர்கள், எச்டிஎம்எல் 5-இல் அது வழக்கொழிந்துவிட்டது.

இரண்டாவது, இரண்டு அடுக்குத் தலைப்பு. வகுப்புப் பட்டியலில் மேலே ‘இயற்பியல்’ என்று மூன்று நெடுவரிசையை இணைத்து எழுதி, அதன் கீழே எழுத்து, செய்முறை, அகமதிப்பீடு என்று பிரித்திருப்பார்கள். பக்கத்தில் வேதியியலுக்கும் அதே மூன்று. இங்கே கேட்கிறவருக்கு “செய்முறை, 18” என்று மட்டும் வந்தால் எந்தப் பாடத்தின் செய்முறை என்று தெரியாது. இணைத்த தலைப்புக்கு ஸ்கோப்பில் ‘கால்குரூப்’ என்று போட வேண்டும் என்பது விதி. ஆனால் பிரவுசர்களும் ஸ்கிரீன் ரீடர்களும் இதை ஒரே சீராக மதிப்பதில்லை. கூடுதல் உறுதி வேண்டுமென்றால் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு ஐடி கொடுத்து, ஒவ்வொரு தரவுக் கலத்திலும் ஹெடர்ஸ் என்ற பண்பில் அதற்குரிய ஐடிகளை எழுதலாம். கையால் எழுதினால் நிச்சயம் பிசகும். நிரல் மூலம் உருவாகும் அட்டவணைக்கு மட்டும் இதைப் பரிந்துரைப்பேன். ஏற்கெனவே ஹெடர்ஸ் பண்பு இருந்து தவறான தலைப்பு வருகிறதென்றால், யாரோ இடையில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்துவிட்டு ஐடிகளை மாற்றாமல் விட்டிருப்பார்கள்.

இதைவிட நல்ல வழி, அடுக்கையே கலைப்பது. பாடத்துக்கு ஓர் அட்டவணை, அல்லது “இயற்பியல் எழுத்து”, “இயற்பியல் செய்முறை” என்று ஒரே அடுக்கில் முழுத் தலைப்பு. காகிதத்தில் இடம் மிச்சப்படுத்தப் பிறந்த வடிவம் இந்த அடுக்குத் தலைப்பு. திரையில் அந்த நெருக்கடி இல்லை.

மூன்றாவது, ரோஸ்பான் பிசகு. ஒரு கலம் எத்தனை வரிசைக்கு நீள்கிறது என்று சொல்லும் எண்தான் ரோஸ்பான். ஒரே பெயர் மூன்று வரிசைக்கு இணைத்திருக்க, எண்ணிக்கையில் 2 என்று இருந்தால் மூன்றாவது வரிசையில் எல்லாக் கலமும் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும், ஆனால் எல்லைக்கோடு இல்லாத அட்டவணையில் தப்பிவிடும். ஒவ்வொரு வரிசையிலும் கலங்களை எண்ணிப் பாருங்கள்.

அறிகுறி: கணினியில் சரி, மொபைலில் தலைப்பு காணவில்லை

பக்கத்தின் தோற்றத்தை அமைப்பது சிஎஸ்எஸ். சிறிய திரைக்கென்று எழுதிய சிஎஸ்எஸ்-ஐத் திறந்து பாருங்கள். டேபிளுக்கோ அதன் வரிசை, கலங்களுக்கோ டிஸ்ப்ளே பண்பை பிளாக், ஃப்ளெக்ஸ், கிரிட் என்று மாற்றியிருக்கும். தோற்றத்தை மாற்றும் வேலைதான் என்றாலும், இப்படி மாற்றினால் அது அட்டவணை என்ற அடையாளத்தையே பிரவுசர் கைவிடுவதுண்டு. இது பிரவுசருக்குப் பிரவுசர், பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால், ஒன்றில் சரியாக இருந்தது என்று விட்டுவிட முடியாது. ஆண்ட்ராய்டில் டாக்பேக்கிலும் ஐபோனில் வாய்ஸ்ஓவரிலும் கேட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொரு வழக்கம், ஒவ்வொரு வரிசையையும் ஒரு அட்டை போல மாற்றி, தலைப்பு வரிசையை டிஸ்ப்ளே நன் போட்டு மறைப்பது. கண்ணுக்கு மறைந்தது ஸ்கிரீன் ரீடருக்கும் மறைந்துவிடும். தலைப்புக்குப் பதிலாகச் சிஎஸ்எஸ் மூலம் நுழைக்கும் வாசகம் வரிசை, நெடுவரிசை உறவைத் திருப்பித் தராது.

நான் செய்யச் சொல்வது: அட்டவணையை அட்டவணையாகவே விட்டு, அதைச் சுற்றி ஒரு டிவ் போட்டுப் பக்கவாட்டில் உருட்ட விடுங்கள். அந்த டிவ்வுக்கு டேப்இண்டெக்ஸ் 0, ரீஜன் ரோல், கேப்ஷனைச் சுட்டும் ஏரியா லேபிள்டுபை. அப்போது விசைப்பலகையால் உருட்டுகிறவரும் உள்ளே வர முடியும். சிறிய திரையில் பக்கவாட்டு உருட்டல் கூடாது என்று 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 சொன்னாலும், இரு பரிமாணத்தில் இருந்தால்தான் பொருள் தரும் தரவு அட்டவணைக்கு அதில் விலக்கு உண்டு.

அறிகுறி: “வெற்று”, “வெற்று” என்கிறது, அல்லது ஒன்றுமே சொல்லவில்லை

தமிழ்ப் பாடத்துக்குச் செய்முறை கிடையாது. அந்தக் கலம் காலியாக இருந்தால், மதிப்பெண் இன்னும் ஏற்றவில்லையா, தேர்வு எழுதவில்லையா, பொருந்தாதா என்று கேட்கிறவருக்குத் தெரியாது. சிறு கோடு போட்டால் பல அமைப்புகளில் அது ஒலிக்காமலே போகும். “பொருந்தாது” என்றே எழுதிவிடுங்கள். கண்ணுக்கும் அது தெளிவு. டிக் குறி, பெருக்கல் குறி ஆகியவற்றுக்குப் பதில் “உண்டு”, “இல்லை”. தேர்ச்சி பெறாத மதிப்பெண்ணைச் சிவப்பில் மட்டும் காட்டியிருந்தால் அது யாருக்கும் ஒலிக்காது. நிறக்குறைபாடு உள்ளவருக்கும் தெரியாது. பக்கத்தில் “தேர்ச்சி இல்லை” என்ற சொல் வேண்டும்.

அறிகுறி: அம்பு விசை அட்டவணைக்குள் சிக்கி நிற்கிறது

டேபிளில் கிரிட் என்ற ரோல் இருக்கிறதா பாருங்கள். எக்செல் போலக் கலத்துக்குள் திருத்தும் செயலிக்கானது அது. அதைப் போட்டால் அம்பு விசைகளைக் கையாளும் பொறுப்பு உங்கள் ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்துவிடும். அந்த நிரல் எழுதாமல் ரோலை மட்டும் போட்டால் பயனர் சிக்கிக்கொள்வார். வெறுமனே படிக்கும் அட்டவணை என்றால் அந்த ரோலை நீக்குங்கள்.

மதிப்பெண் ஏற்றும் பக்கம் போல, கலத்துக்குள் உள்ளீட்டுப் பெட்டிகள் இருந்தால் வேறு சிக்கல். டேப் விசையில் நகரும் ஆசிரியருக்கு “எடிட், எடிட், எடிட்” என்று மட்டும் கேட்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஏரியா லேபிள்டுபை பண்பில் மாணவர் பெயரின் ஐடி, நெடுவரிசைத் தலைப்பின் ஐடி இரண்டையும் கொடுங்கள். பார்வையற்ற ஆசிரியர் தன் வகுப்பின் மதிப்பெண்ணைத் தானே ஏற்ற முடிவதும் முடியாததும் இந்த ஒரு பண்பில் நிற்கிறது.

அறிகுறி: வரிசைப்படுத்தினால் என்ன நடந்தது என்று தெரியவில்லை

தலைப்புக் கலத்துக்குள் உண்மையான பட்டன் டேக் வேண்டும். எந்த நெடுவரிசையை வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறதோ அந்த டிஹெச்-இல் மட்டும் ஏரியா சார்ட் பண்பை ‘அசென்டிங்’ (ஏறுமுகம்) அல்லது ‘டிசென்டிங்’ (இறங்குமுகம்) என்று வையுங்கள். பட்டனுக்குள் “மொத்தத்தை வைத்து வரிசைப்படுத்த இங்கே அழுத்தவும்” என்று எழுத வேண்டாம். நெடுவரிசை மாறும்போதெல்லாம் அது தலைப்பாக ஒலிக்கும். “மொத்தம்” போதும்.

அறிகுறி: வலைப்பக்கம் சரி, தரவிறக்கிய கோப்பில் குழப்பம்

வேர்டில் டேபிள் டிசைன் பகுதியில் ஹெடர் ரோ தேர்வு, லேஅவுட் பகுதியில் ரிபீட் ஹெடர் ரோஸ், இரண்டையும் போடுங்கள். பிடிஎஃப் ஆக்கும்போது பிரின்ட் வழியாகப் போகாதீர்கள், டேக்குகள் எல்லாம் உதிர்ந்துவிடும். சேவ் ஆஸ் வழியாகப் போய், அங்குள்ள ஆப்ஷன்ஸில் அணுகலுக்கான டாகுமென்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ் தேர்வு இருக்கிறதா என்று பார்த்துச் சேமியுங்கள். கையெழுத்துக்காக அச்சிட்டு ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம்தான். அதோடு மூல வேர்டு அல்லது எக்செல் கோப்பையும் ஏற்றுங்கள். எக்செல்லில் ஃபார்மேட் ஆஸ் டேபிள் கொடுத்து, தலைப்பு உண்டு என்ற தேர்வைப் போடுங்கள்.

அறிகுறி: எண்கள் சரி, தமிழ்த் தலைப்புகள் மட்டும் உளறலாக ஒலிக்கின்றன

இது நம் மொழிக்கே உரிய சிக்கல். இரண்டு காரணங்கள் இருக்கலாம். பக்கத்தின் லேங் பண்பில் ஆங்கிலம் என்று இருந்தால், ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலிலேயே தமிழைப் படிக்க முயலும், அல்லது விட்டுவிடும். தமிழுக்குரிய மொழிக்குறியைப் போடுங்கள். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரல்தொகுப்பில் தமிழ் இருக்கிறது.

அதன் பிறகும் ‘செய்முறை’ என்ற இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கேட்டால், அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேலை. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்தும், அலுவலகக் கோப்புகளில் இவை இன்னும் நிறைய வருகின்றன. டிஹெச்-உம் ஸ்கோப்பும் எவ்வளவு சரியாக இருந்தாலும் இங்கே பயனில்லை, தலைப்புக்குள் தமிழே இல்லையே. எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள். மாற்றிகள் ஒற்றெழுத்துகளிலும் கொம்புகளிலும் சில சமயம் பிசகும். அதனால் மாற்றிய தலைப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்த பிறகே அட்டவணையை ஏற்றுங்கள்.